ஆவுளியாவைப் பன்றி என்கிறார்களே!

கேள்வி: எங்கள் ஊர் மீன் ஏலக்கூடச் சுவரில், வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, வரைந்தேன். பாதிப் பேர் "பன்னியா?" என்கிறார்கள். மீதிப் பேர் "வனத்துறை வரையச் சொன்னதா?" என்று முறைக்கிறார்கள். கீழே விளக்கம் எழுதிவிடலாமா?
– இளம் ஓவியர், மண்டபம்

பதில்: விளக்கம் அப்புறம். முதலில் வாலைத் திருத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் வால் தோசைத் திருப்பி போல வட்டமாக இருக்கிறது. அது இன்னொரு வகைக் கடல் பசுவான மனாட்டியின் வால். அந்த விலங்கு நம் கடலில் இல்லை. இணையத்தில் 'கடல் பசு' என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். ஆவுளியாவின் வால் ஓங்கில் (டால்பின்) வாலைப் போல நடுவில் பிளந்திருக்கும். முதுகில் துடுப்பு கிடையாது. மூக்குத் துளைகள் முகத்தின் மேல்பக்கம். கடலடிப் புல்லை மேய்வதால் வாய் கீழ்நோக்கி மடிந்திருக்கும். நீங்கள் முகத்தை நேரே நீட்டியதில்தான் பன்றி வந்துவிட்டது. வாயருகே கடல்புல்லும் கலங்கிய மண்ணும் இருக்கட்டும். வளர்ந்தது சுமார் 10 அடி. பக்கத்தில் 30 அடி வள்ளம் வரைந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு.

முறைப்புக்குக் காரணம் வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு இது. தெரியாமல் வலையில் பட்டாலும் வழக்கு வருமோ என்ற பயம் கரையில் உண்டு. ஏலக்கூடச் சுவரில் வலையில் சிக்கிய ஆவுளியாவைப் பார்ப்பவருக்கு அது தன்மேல் சாட்டிய குற்றமாகத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வலை வேண்டுமென்றால், அதை அறுத்து விடும் கைகளையும் சேர்த்து வரையுங்கள். அப்படி விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியே கொடுத்திருக்கிறது. இல்லையென்றால் தாயை ஒட்டி நீந்தும் குட்டி போதும்.

சுவரில் கை வைக்குமுன் திருத்திய படத்தைத் தாளில் வரைந்து, விஷயம் தெரியாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். "நல்லாயிருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "இது என்ன?" என்று மட்டும் கேட்டு, வாயிலிருந்து வரும் முதல் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். வலை பின்னும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் புகைப்படங்களைவிட அவர் கண் துல்லியம்.

அதற்கு மேலும் கீழே விளக்கம் வேண்டுமென்றால், பார்ப்பவர் நிற்கும் ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் எழுத்து ஓர் அங்குல உயரம் என்பது கணக்கு. ஏலம் கேட்பவர் 30 அடியில் நின்றால் 3 அங்குலம்.

சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, சிமென்ட் பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் பூசுங்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும் கீழ் ஒன்றரை அடிக்கு எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு போதும். மாசி, பங்குனியில் வேலையை முடித்தால் ஐப்பசி மழைக்குள் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்.