குவாதலூப் பயணம்: டிக்கெட்டுக்கு முன்னால் விசா

வணக்கம். செப்டம்பரில் அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குப் போக, பிரான்சுக்கு எடுத்த ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. தீவு பிரான்சின் பகுதிதான், செலவுக்கும் யூரோதான். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட்டில் போகிற உங்களுக்கு பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான தனி விசா வேண்டும். அது கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள்.

மாதத்தையும் மாற்றுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், செப்டம்பர்தான் உச்சம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அங்கே வாழைத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டது. வயதானவரோடு அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு, வெயிலும் இதம்.

தங்குவதற்கு அட்லாண்டிக் பக்கம் பார்க்காதீர்கள். சர்காசம் பாசி கரையில் குவிந்து மக்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேற்கே மலாந்தூர் கடற்கரை நல்லது. எரிமலை மணல், கறுப்பாக இருக்கும். கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினாலே கடலாமை கடற்புல் மேய்வதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

அம்மாவை காப்பெஸ்தர் ஊரிலுள்ள சாங்ஷி இந்துக் கோயிலுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 1854 முதல் இந்தியாவிலிருந்து அந்தத் தீவின் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். வழியில் ‘கொலம்போ’ என்று கேட்டுச் சாப்பிடுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் போட்ட குழம்பு. நம் ஊர் மசாலாதான் என்று வாசனையிலேயே அம்மா கண்டுபிடித்துவிடுவார்.