இடித்துவிட்டால் ஆயிற்றா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போஸ்னியா போயிருந்தோம். சரயேவோ மலைமேல் ‘ஒலிம்பிக் பாதை’ என்று வழிகாட்டி கூட்டிப்போனார். பார்த்தால், கண்டபடி சாயம் அடித்த காங்கிரீட் வாய்க்கால்! டிக்கெட் கவுண்டர் இல்லை, பிள்ளைகள் விளையாட ஒன்றும் இல்லை. இடித்துவிட்டு உருப்படியாக எதையாவது கட்டக் கூடாதா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: கோலாலம்பூர்க்காரருக்கு முதலில் இடிக்கத்தான் தோன்றும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பழக்கம் அப்படி.

அந்த ‘வாய்க்கால்’ 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் பாதை. உறைபனிமேல் வண்டியை ஓடித் தள்ளி, தாவி ஏறிக் குந்திக்கொண்டு மலையிறங்குகிற போட்டி. இருவர் வண்டி, நால்வர் வண்டி இரண்டிலும் தங்கம் வாங்கியது கிழக்கு ஜெர்மனி. நடத்தியது யூகோஸ்லாவியா. இன்று வென்ற நாடும் இல்லை, நடத்திய நாடும் இல்லை. வாய்க்கால் மட்டும் கிடக்கிறது. இதற்குமேல் என்ன ஐயா காட்ட வேண்டும்?

எட்டே ஆண்டில், 1992 இல், அதே ட்ரெபெவிச் மலையில் பீரங்கியை நிறுத்திக் கீழே இருந்த ஊரைச் சுட்டது போஸ்னிய செர்பியப் படை. முற்றுகை 1,425 நாள். 2012 இல் நகரின் நடுத்தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாக வரிசை போட்டார்கள், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. உங்கள் வழிகாட்டி இதைச் சொல்லவில்லை என்றால் கோபத்தை அவர்மேல் காட்டுங்கள். 1993 முதல் நம் மலேசியப் படையினரும் ஐ.நா. அமைதிப்படையாகப் போஸ்னியாவில் இருந்தார்கள். உங்கள் தாமானிலேயே அப்படி ஒரு பெரியவர் இருக்கக்கூடும். அடுத்த முறை அவரிடம் பேசிவிட்டுப் போங்கள். மலைக்குப் போகும் கேபிள் காரும் போரில் நாசமாகி, 2018 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது.

நாம் என்ன செய்தோம்? நூறாண்டு நின்ற புடு ஜெயில். கைதி ஒருவர் அதன் மதிலில் நீளநெடுக ஓவியம் தீட்டியிருந்தார். 2010 இல் சாலையை அகலமாக்க மதிலை இடித்தோம். வாசல் மட்டும் மிச்சம். இப்போது பக்கத்திலேயே பேரங்காடி. உள்ளே ஏர்கண்டிஷன், எஸ்கலேட்டர், எல்லாம் உருப்படியாக இருக்கிறது. அங்கே போகிற உங்கள் பிள்ளைகளில் யாராவது அந்த வாசலைக் காட்டி “இது என்னப்பா?” என்று கேட்டிருக்கிறார்களா?

பிள்ளைகள் பனியில் விளையாடத்தான் வேண்டும் என்றால் சன்வே பிரமிட்டில் சறுக்குத் தளம் இருக்கிறது. டிக்கெட்டும் உண்டு, காலணியும் வாடகைக்குத் தருவார்கள்.