சுறா சரி, ரசீது எங்கே?

மாலத்தீவில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே ஃபுவாமுலா என்று ஒரு தீவு இருக்கிறது. துறைமுகத்தில் விழும் சூரை மீன் கழிவைத் தேடிவந்து பழகிய புலிச்சுறாக்கள், கரையை ஒட்டியே பவளத்திட்டு முடிந்து கடல் அதலபாதாளமாக இறங்கும் விளிம்பு, ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு இவைதான் அதன் சரக்கு. நம்மூர் ஏஜென்டுகள் இதை விற்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களும் அந்தப் பக்கமே நீந்துகின்றன. சுருக்கித் தருகிறேன்.

கே: ஐந்து இரவு, ஆறு டைவ், "புலிச்சுறா உத்தரவாதம்" என்று ஏஜென்ட் முழுப் பணமும் வாங்கினார். என்னிடம் இருப்பது ஓபன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அங்கே போனால் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு இல்லாமல் இறக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். பணம் போனதுதானா? (வாசகர், கோவை)

ப: போகாது, விடாதீர்கள். டைவ் சென்டர் மேல் மட்டும் கோபப்பட வேண்டாம். ஓபன் வாட்டர் படித்தவருக்கு 18 மீட்டர்தான் எல்லை, உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். தப்பு, தெரிந்தே விற்ற ஏஜென்டுடையது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், டைவ் சென்டர் மறுத்ததற்கு ஒரு மின்னஞ்சல், மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஏஜென்டுக்குத் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: ரெண்டே நாளில் அட்வான்ஸ்டு முடித்துத் தருகிறார்கள். அதை வாங்கிவிட்டால் சுறாக்களோடு இறங்கலாம்தானே?

ப: "வாங்கிவிட்டால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓபன் வாட்டரில் கடலில் நாலு டைவ், அட்வான்ஸ்டில் ஐந்து. ஆக, ஒன்பதே டைவ் போட்டவர் கையிலும் 30 மீட்டருக்கான அட்டை இருக்கும். அட்டை பொய் இல்லை, ஆனால் விளிம்பில் என்ன நடக்கும் என்பது அதில் எழுதியிருக்காது. மாலத்தீவில் இரண்டு திட்டுகளுக்கு நடுவே கடல் நுழையும் வாயில் ஒன்றில் என் கதையைக் கேளுங்கள். சாம்பல் சுறாக்கள் பத்துப் பன்னிரண்டு, எதிர் நீரோட்டத்தில் அசையாமல் நிற்கின்றன. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் (மூச்சுவிடும் ரெகுலேட்டர் வாயில் இருந்ததால் முழுதாகப் பிளக்க முடியவில்லை). கீழே தரை இல்லாத இடத்தில் இறங்குவது உடம்புக்குத் தெரியவே தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே நீலம். டைவ் மாஸ்டர் என் கால் துடுப்பைப் பிடித்து இழுத்தபோது மணிக்கட்டில் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தால் 24 மீட்டரில் இருந்தவன் 33இல் நிற்கிறேன். அந்த நாட்டில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30தான் எல்லை. சுறா ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளூரில் இன்னும் இருபது டைவ் போட்டு, ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதப்பது கைவந்த பிறகு போங்கள்.

கே: கூடுதல் காசு கொடுத்து நைட்ராக்ஸ் வாங்கினால் இன்னும் ஆழம் போகலாமாமே?

ப: நேர்மாறு. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. ஆக்சிஜன் 32 சதவீதம் இருந்தால் 33 மீட்டரோடு நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே ஆக்சிஜனே விஷமாகத் தொடங்கும்.

கே: விலைப்பட்டியலில் ஒரு டைவ் "80 டாலர்++". பத்து டைவுக்கு 800 என்று போனேன். பில் 1,029 டாலர் 60 சென்ட். ஏமாற்றா?

ப: அந்த இரண்டு கூட்டல் குறியைக் கண்டாலே எனக்கு எரியும். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், 880 ஆயிற்றா? இரண்டாவது கூட்டல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அதுவும் 880 மேல் போடுவார்கள். கணக்கு சரி, அதனால் ஏமாற்று என்று வழக்குப் போட முடியாது. ஆனால் காய்கறிக் கடைக்காரர் "கிலோ நாற்பது, கூட்டல் கூட்டல்" என்றால் நாம் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட மாட்டோமா? கடலைப் பார்த்ததும் மட்டும் ஏன் இந்த தாராளம்? நம்மூர் ஹோட்டல்களில் சர்வீஸ் சார்ஜைத் திணிக்கக் கூடாது என்று 2022இல் வழிகாட்டுதல் வந்தபோது கைதட்டியவர்கள்தான் அங்கே கேள்வி கேட்காமல் அட்டையைத் தேய்க்கிறார்கள். இன்னும் இருக்கிறது: கருவி வாடகை தனியா, படகு தனியா, தங்குமிடத்தில் தலைக்கு இரவுக்கு இத்தனை என்று பசுமை வரி. "எல்லாம் சேர்த்துக் கடைசியில் என் கையை விட்டுப் போவது எத்தனை டாலர்?" இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பதிலில் மறுபடி ++ வந்தால் வேறு சென்டர் பாருங்கள்.

கே: பழைய டைவ் கம்ப்யூட்டர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ப: நான் வாங்கினேன். விற்றவர் கரையில் போட்டுக் காட்டியபோது ஜம்மென்று எரிந்தது. முதல் டைவில் 12 மீட்டரில் திரை வெளுத்து, ஒரு முறை சிமிட்டி, போயே போய்விட்டது. டைவை முடித்து மேலே வர வேண்டியதாயிற்று. பேட்டரியை மாற்றி ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைக்கச் செலவு, அப்புறமும் ஈரம் புகுந்தது. இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட். ரெகுலேட்டரை, மிதப்பு ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்கள். காசு போடுவதென்றால் கம்ப்யூட்டரைப் புதிதாக, சாதாரண மாடலாக வாங்குங்கள்.

கே: என் கைக்கடிகாரத்தில் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 30 மீட்டருக்குத் தாராளம்தானே?

ப: கை கழுவத் தாராளம்.

கே: கடைசி டைவ் மாலை 4 மணிக்கு முடியும். மறுநாள் காலை 7 மணிக்கு ஃபுவாமுலாவிலிருந்து மாலேவுக்கு விமானம் போட்டிருக்கிறார் ஏஜென்ட். உள்ளூர் விமானம்தானே என்கிறார்.

ப: உள்ளூர் விமானமும் மேலேதான் பறக்கிறது. டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் மேலே போனால் குமிழாகிவிடும். பல நாள் டைவ் போட்டவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், உங்களுக்கு 15தான் வருகிறது. மாற்றச் சொல்லுங்கள், மாற்றுக் கட்டணம் அவருடையது. மறுத்தால் கடைசி டைவை விட்டுவிட்டு அதன் காசைக் கேளுங்கள்.

கே: டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன். சுறா கடித்தால் கொடுப்பார்களா?

ப: ஸ்கூபாவையே விலக்கி வைத்த பாலிசிகள் ஏராளம், சேர்த்தாலும் ஆழத்துக்கு ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். சுறாவை விடுங்கள், அந்த நைட்ரஜன் குமிழால் அழுத்த நோய் வந்து, அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறையில் (சேம்பர்) படுக்க நேர்ந்தால் யார் கட்டுவது என்று பாருங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் பாலிசியின் பெயர்கூட இல்லை. படித்துவிட்டு எழுதுங்கள்.