வாழ்க்கைக்குப் பொருள் (அர்த்தம்) இல்லை என்றால் எதற்காக வாழ்வது? இருத்தலியல் என்ன சொல்கிறது?

"வாழ்க்கைக்குப் பொருளில்லை என்பதுதானே இருத்தலியல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. முன்கூட்டியே எழுதி வைத்த பொருள் இல்லை என்பதே இந்தத் தத்துவத்தின் வாதம்.

இருத்தலியலின் முக்கியக் குரலான பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945இல் பாரிஸ் உரையில் காட்டிய உதாரணம் தாள் வெட்டும் கத்தி. நம்மூருக்கு ரப்பர் பால்வெட்டும் கத்தி என்று வைத்துக்கொள்ளலாம். இன்னதற்கு என்று முடிவானபிறகே கொல்லன் அதை அடிக்கிறான். மனிதன் அப்படியல்ல, முதலில் இருக்கிறான், பிறகு செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். (சார்த்தர் கடவுள் மறுப்பாளர், இருத்தலியலின் முன்னோடியான டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆகவே இருத்தலியல் நாத்திகர்களின் சொத்து அல்ல.)

அதே உரையில் ஒரு மாணவன் வருகிறான்: அண்ணன் இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டான், தனித்திருக்கும் அம்மாவோடு இருப்பதா, இங்கிலாந்து போய் நாஜிகளை எதிர்க்கும் பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர்வதா? குளச்சலில் வளைகுடா விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, வயதான அம்மாவைப் பார்க்கிறவருக்கும் இதே சிக்கல்தான். எந்த அறநூலும் விடை தராது, நீயே தேர்ந்தெடு என்கிறார் சார்த்தர்.

பலரும் சறுக்குவது இங்கேதான். "வீட்ல சொன்னாங்க, போனேன்" என்பது தேர்வைத் தட்டிக்கழிப்பது. சார்த்தர் மொழியில் சுயவஞ்சனை, அதாவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. சொன்னதைக் கேட்பதும் உங்கள் தேர்வே. "எதையும் செய்யலாம்" என்பது மறுபக்கத் தவறு. தேர்வின் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

நடைமுறைக்கு எனக்கு விக்டர் பிராங்கல்தான் உதவியானவர். நாஜி முகாம்களில் பிழைத்த மனநல மருத்துவர். பொருள் கிடைக்கும் வழிகளாக மூன்றைச் சொன்னார்: செய்யும் வேலை, நேசிக்கும் ஒருவர், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம். தவிர்க்க முடிந்ததைச் சகிப்பது இதில் சேராது. வெறுமை வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டால் தத்துவத்தை மூடிவைத்து மனநல மருத்துவரைப் பாருங்கள்.