இம்ப்ரெஷன் சரிந்தது ஒரு கதை, கிளிக் குறைந்தது வேறு கதை

கேள்வி: பவானி ஜமக்காளமும் கைத்தறிப் போர்வையும் இணையத்தில் விற்கிறோம். 2025 செப்டம்பர் நடுவில் சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுகளில் எங்கள் பக்கம் தோன்றிய எண்ணிக்கை, சட்டென்று இறங்கிவிட்டது. கிளிக்குகள் அதற்குப் பல மாதம் முன்பிருந்தே குறைந்து வருகின்றன. ஆனால் சராசரி இடம் மட்டும் முன்னேறியிருப்பதாகக் காட்டுகிறது. தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை பார்க்கும் எங்கள் எஸ்இஓ ஏஜென்சி, “செப்டம்பர் கோர் அப்டேட் அடித்துவிட்டது, பெனால்டியை நீக்கத் தனிக் கட்டணம்” என்கிறது. கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர்கள் சொன்ன காரணத்தை முதலில் நீங்களே சரிபார்க்கலாம், பத்து நிமிட வேலைதான்.

கூகுள் தன் தேடலில் செய்யும் பெரிய மாற்றங்களை ‘சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு’ என்ற பக்கத்தில் தேதியோடு போட்டுவிடுகிறது. 2025-இல் வந்த கோர் அப்டேட்கள் (தேடல் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றங்கள்) மூன்று: மார்ச் 13 முதல் 27 வரை, ஜூன் 30 முதல் ஜூலை 17 வரை, டிசம்பர் 11 முதல் 29 வரை. செப்டம்பரில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 22 வரை ஓடியது தில்லுமுல்லுத் தளங்களைப் பிடிக்கும் ஸ்பேம் அப்டேட், அது வேறு சமாச்சாரம். அப்புறம் பெனால்டி. கூகுள் ஊழியர் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் சர்ச் கன்சோலின் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் எழுதியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் காசு கொடுத்து நீக்க எந்தப் பெனால்டியும் இல்லை.

சரி, இம்ப்ரெஷன் ஏன் இறங்கியது? முகவரியில் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்து, ஒரே பக்கத்தில் 100 தேடல் முடிவுகளை வரவழைக்கும் வசதி கூகுளில் வெகுகாலம் இருந்தது. ஒரு தேடல் சொல்லுக்கு (கீவேர்ட்) தளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள்கள் இதைத்தான் நம்பியிருந்தன. அவை ஒவ்வொரு முறை 100 முடிவுகளை இழுத்தபோதும், 78-ஆம் இடத்தில் கிடந்த உங்கள் பக்கத்துக்கும் ஒரு இம்ப்ரெஷன் விழுந்திருக்கும். 2025 செப்டம்பர் நடுவில் அந்த வசதி வேலை செய்யாமல் போனது. அதே நாட்களில் உலகம் முழுக்கப் பல தளங்களில் இம்ப்ரெஷன் இறங்கியது, சராசரி இடம் ஏறியது. கடைசி வரிசைகளில் விழுந்துகொண்டிருந்த இயந்திரக் கணக்கு நின்றதுதான் காரணம் என்பது துறையில் பெரும்பாலோர் கருத்து, என் கருத்தும் அதுவே. அந்த ஊதிப் பெருத்த எண்ணிக்கையைக் காட்டியே எத்தனை ஏஜென்சிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

உங்கள் தளத்திலும் அதுதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் டெஸ்க்டாப்பையும் மொபைலையும் பிரித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் மட்டும் செங்குத்தாக விழுந்து மொபைல் ஏறக்குறைய அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். போனது வாடிக்கையாளர் கண் அல்ல.

கிளிக் குறைந்ததுதான் உண்மையான நோவு. அதற்கு அறிக்கையை இன்னும் கொஞ்சம் கிண்டவேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும், அதனால் கடந்த மூன்று மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலங்கள் அப்போதுதான் நேருக்கு நேர் வரும். கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களை ஃபில்டர் போட்டு விலக்குங்கள். பிறகு, முன்பு முதல் பக்கத்தில் வந்த 20 தேடல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடம் மாறியதா, கிளிக் மாறியதா என்று பாருங்கள்.

இடமும் கிளிக்கும் சேர்ந்து இறங்கியிருந்தால் போட்டியாளர் முந்திவிட்டார், அல்லது கோர் அப்டேட் உங்கள் பக்கத்தை மறுமதிப்பீடு செய்திருக்கிறது. இடம் அப்படியே இருந்து கிளிக் மட்டும் போயிருந்தால், அந்தத் தேடலைக் கூகுளில் நீங்களே போட்டுப் பாருங்கள். மேலே ஏஐ ஓவர்வியூ, அதாவது கூகுளின் ஏஐ எழுதித் தரும் சுருக்கப் பதில், உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் வந்தது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கப் பயனர்களின் தேடல்களைக் கவனித்தபோது, ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான இணைப்பைச் சொடுக்கினார்கள். சுருக்கம் வராதபோது அது 15 சதவீதம். அந்த ஆய்வு முறையைக் கூகுள் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஐ ஓவர்வியூ வழியாக வரும் கிளிக்கும் மொத்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடுவதால், அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

என் அனுமானம், ‘ஜமக்காளம் துவைப்பது எப்படி’ போன்ற கட்டுரைகள்தான் உங்களிடம் அடிவாங்கியிருக்கும். ‘பவானி ஜமக்காளம் ஆன்லைனில் வாங்க’ என்று தேடியவர் குறைந்திருக்க மாட்டார். அப்படியென்றால் கிளிக் பாதியானாலும் ஆர்டர் பாதியாகியிருக்காது. ஆர்டர் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கட்டுரையை ஏஐ சுருக்கத்தில் காட்டாதபடி தடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பக்கத்தில் நோஸ்னிப்பெட் (விவரத் துணுக்கு காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும்) குறியீடு போட்டால் தடுக்கலாம். ஆனால் வழக்கமான முடிவிலும் தலைப்புக்குக் கீழே விவரம் வராது, இருக்கிற கிளிக்கும் போகும். கூகுள்-எக்ஸ்டெண்டெடைத் தடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கூகுளின் ஏஐயான ஜெமினிக்கான கட்டுப்பாடு, தேடலில் வரும் ஏஐ ஓவர்வியூவை அது தொடாது.

ஏஜென்சியின் பட்டியலில் ‘எல்எல்எம்எஸ் கோப்பு அமைத்தல்’ (ஏஐ மென்பொருள்களுக்குத் தளத்தை அறிமுகப்படுத்தும் கோப்பு) என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். கூகுளின் ஜான் முல்லர் அதை பக்கத்துக்குள் தேடல் சொற்களைப் பட்டியலிடும் பழைய கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கோடு ஒப்பிட்டிருக்கிறார். தரவரிசைக்கு அந்த டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. தேடல் முடிவிலேயே கேள்வி-பதிலைக் காட்டவைக்கும் ஸ்கீமா குறியீடும் வேண்டாம், 2023 ஆகஸ்டிலேயே அந்தக் காட்சியை அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

அந்தப் பணத்தைப் பொருள் பக்கங்களில் போடுங்கள். ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் நீள அகலம், எடை, எந்த நூல், உங்கள் தறியில் நீங்களே எடுத்த படம், விலை, இருப்பு எல்லாம் இருக்கவேண்டும். அதே விவரம் கூகுளில் பொருள் விவரங்களை ஏற்றும் மெர்ச்சென்ட் சென்டரிலும் ஏறட்டும், கட்டணமில்லாப் பட்டியலுக்கு அது உதவும். துவைக்கும் கட்டுரையை எடுத்துவிடாதீர்கள். சாயம் போன துணியின் படத்தையும் உங்கள் தறிக்காரர் சொல்லும் காரணத்தையும் அதில் சேருங்கள்.

ஏஜென்சியிடம் இரண்டே விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பக்கம், எந்தத் தேடலில், எந்தத் தேதியில் இடம் இழந்தது? அதில் எந்த அப்டேட்டுக்குப் பங்கு? பதிலில் தேதிகள் இருந்தால் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.