பேசில் கிள்ளுவது முதல் பூண்டு எண்ணெய் வரை: கேள்வி பதில்

இத்தாலியச் சமையலுக்கான மூலிகைகள், மசாலாக்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: பேசில் (துளசி இனத்து மூலிகை) ஒல்லியாக உயர்ந்து பூத்துவிடுகிறது. இலை தேறவே மாட்டேன் என்கிறது.

பதில்: கீழிருந்து ஒவ்வொரு இலையாகப் பறிக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை நிறுத்துங்கள். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். தண்டில் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். அவை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் மிளகளவில் குட்டித் துளிர்கள் தெரியும். அதற்குச் சற்று மேலே கிள்ளினால் ஒரு தண்டு இரண்டு கிளையாகும். ஒன்றிரண்டு வாரத்தில் அவற்றையும் அப்படியே கிள்ளுங்கள், நான்காகும். மொட்டு கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பூ அழகாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை விட்டுவைத்தேன். அப்புறம் வந்த இலைகள் சிறுத்து, வாயில் வைத்தால் கசந்தன. தினம் 6 மணி நேரமாவது வெயிலும் வேண்டும்.

கேள்வி: பறித்த பேசிலை ஃபிரிட்ஜில் வைத்தால் கறுக்கிறதே?

பதில்: அதற்குக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கறுக்கத் தொடங்கும். தண்டோடு ஒரு டம்ளர் தண்ணீரில் வெளியிலேயே வையுங்கள். சில நாளில் வேர்கூட விடும், எடுத்து நட்டுவிடலாம்.

கேள்வி: பெஸ்தோ (பேசில் இலையை அரைத்துச் செய்யும் பாஸ்தா சாஸ்) பச்சையாக நிற்க என்ன வழி?

பதில்: இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து கறுக்க வைக்கிறது. மிக்ஸி பிளேடின் சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். பெஸ்தோவின் ஊரான ஜெனோவாவில் பளிங்கு உரலும் மர உலக்கையும்தான் வழக்கம். பூண்டு, பைன் பருப்பு, கல்லுப்பு, இலை, பிறகு பார்மிஜானோ, பெக்கோரினோ சீஸ்கள், கடைசியில் ஆலிவ் எண்ணெய். மிக்ஸிதான் என்றால் ஜாரைக் குளிரவைத்து, ஈரமில்லாத இலையைப் போட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். இலையைக் கொதிநீரில் சில விநாடி முக்கி ஐஸ் தண்ணீரில் போட்டால் நிறம் நிற்கும், ஆனால் மணம் குறையும். நிறம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, மணம்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும்: பெஸ்தோவை அடுப்பில் ஏற்றாதீர்கள். பாஸ்தா வெந்த நீர் இரண்டு கரண்டி விட்டு வெளியிலேயே கலக்குங்கள்.

கேள்வி: பச்சை மூலிகையா, உலர்ந்ததா?

பதில்: ஆரிகனோ உலர்ந்தால்தான் மணக்கும். பேசிலும் பார்ஸ்லியும் உலர்ந்தால் வைக்கோல். ரோஸ்மேரி எப்படியும் ஒத்துவரும். பச்சையில் 3 கரண்டி என்றால் உலர்ந்ததில் 1 போதும். உலர்ந்ததை சாஸ் கொதிக்கும்போதே போடுங்கள், பேசிலை அடுப்பை அணைத்த பிறகு.

கேள்வி: ‘இட்டாலியன் சீசனிங்’ என்ற உலர் மூலிகைக் கலவையை எல்லாவற்றுக்கும் தூவலாமா?

பதில்: தூவலாம், ஆனால் எல்லா உணவும் ஒரே வாசனை அடிக்கும். இத்தாலியில் ஓர் உணவுக்கு ஒன்றிரண்டு மூலிகைதான். மார்கரீட்டா பீட்சாவில் பேசில். சீஸே இல்லாத மரினாரா பீட்சாவில் ஆரிகனோவும் பூண்டும். மிலான் நகரத்து ரிசோட்டோ என்ற அரிசி உணவுக்குக் குங்குமப்பூ. ரிக்கோட்டா சீஸ் அடைத்த ராவியோலி பாஸ்தாவுக்கு உள்ளே ஒரு சிட்டிகை ஜாதிக்காய், மேலே வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த சேஜ் இலை. இதைச் செய்து பார்த்தால் அந்த பாட்டில் தானாக அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

கேள்வி: ரோஸ்மேரி நுனி பழுப்பாகிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் அதிகமாகியிருக்கும். மண்ணில் மணல் கலந்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

கேள்வி: பூண்டும் மூலிகையும் ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய்க்குள் காற்று புகாது. பூண்டில் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. உயிருக்கே ஆபத்தான பாட்யூலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இது போதும். முகர்ந்து பார்த்தும் தெரியாது. கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.