பக்கக் கூடாரம் வாங்குமுன்: பிரிட்டன் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: இருவர் படுக்கும் சின்ன கேம்பிங் டிரெய்லருக்கு இணையத்தில் பக்கக் கூடாரம் (வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் துணிக் கூடாரம்) வாங்கினேன். "எல்லா டிரெய்லருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். மாட்டினால் கூரை தொய்ந்து தொங்குகிறது. பையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 320 பவுண்டு கட்டினேன். (லெஸ்டர்)

பதில்: விடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம். இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். பையைப் பிரித்ததால் அந்த உரிமை போகாது. அந்தக் கெடு தாண்டியிருந்தாலும், சொன்னபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். கடை மசியாவிட்டால் கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள பொருளென்றால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது.

"எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய கேரவனுக்கான கூடாரத்தைத் தரையிலிருந்து, கூடாரத்தை மாட்ட வண்டியின் மேல்விளிம்பில் இருக்கும் பள்ளம் வரை 235 முதல் 250 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தைக்கிறார்கள். சின்ன டிரெய்லர் பலவும் ஆள் உயரம்கூட இருக்காது. மிச்சத் துணியில் மழைநீர் தேங்கி, பாரத்தில் கம்பமே வளையும். அந்தப் பள்ளத்துக்குள் நுழையும் கூடாரத்தின் விளிம்பு நாடாவிலும் 4 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்று உண்டு. 6 போகிற பள்ளத்தில் 4ஐ மாட்டினால் காற்று உருவி எடுத்துவிடும். உயரம், நாடாத் தடிமன்: இந்த இரண்டு எண்களையும் பையின்மேல் அச்சடிக்க என்ன தடை?

நானும் ஒருமுறை "பொருந்தும்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பழைய கூடாரம் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கினேன். நாடா பள்ளத்தில் நுழையவே இல்லை. கையில் ரசீதும் இல்லை, பணம் போனது போனதுதான். இன்னும் ஆறவில்லை.

கேள்வி: என் கூடாரமும் பொருந்தவில்லை. கடை அளவு போட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. படத்தில் அழகாக இருந்தது. இது இரண்டாவது தடவை. (குரோய்டன்)

பதில்: முதல் தடவைக்குப் பிறகாவது அளந்திருக்க வேண்டாமா? இணையத்தில் வாங்கியதென்றால் 14 நாள் உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

கேள்வி: மழை வந்தால் கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துச் சுடலாமா? ஜிப்பைப் பாதி திறந்து வைப்போம். (மில்டன் கீன்ஸ்)

பதில்: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் அது வரும்.

கேள்வி: புதுக் கூடாரம், விடிந்தால் உள்பக்கம் சொட்டுகிறது. ஓட்டையா? (கார்டிஃப்)

பதில்: மழையே பெய்யாத இரவிலும் கூரை முழுக்கத் துளித்துளியாக நின்றால், அது உங்கள் மூச்சின் ஈரம். காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். மழையில் தையல் ஓரம் மட்டும் சொட்டினால் கடையைக் கேளுங்கள். பருத்தி கலந்த துணியென்றால் முதலில் ஒன்றிரண்டு முறை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் ஊறித் தையல் ஓட்டைகள் அடைபடும். அப்புறமும் சொட்டினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதற்காக அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள்.